அளக்காமல் செய்த நாற்காலி

1938ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்தது. தல்லாகுளத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு, ஆற்றுக்குத் தெற்கே நகருக்குள்ளிருந்து ஒரு தச்சர் நனைந்த குடையோடு வந்து சேர்ந்தார். பாய் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். என் மனைவிக்குச் சக்கரம் வைத்த நாற்காலி செய்ய அளவெடுக்க வந்திருந்தார்.

அவள் காய்ச்சலில் விழுந்து அன்றைக்குப் பதினான்கு மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தன. காய்ச்சல் போகும்போது இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போயிற்று. சென்னைக் கடை ஒன்றில் சீமை நாற்காலி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். அவர்கள் சொன்ன விலை, கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவான எனக்கு மூன்றரை மாதச் சம்பளம். ஆகவே தேக்கில் நாற்காலி, சைக்கிள் கடையிலிருந்து இரண்டு சக்கரம் என்று பாயிடம் பேசி முடித்தேன்.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வாசல் வரை போய்க் கீரைக்காரியிடம் தானே பேரம் பேச வேண்டும்.

“நீங்க வாங்குறது கீரையா? அவ கழிச்சுப் போட்டதையெல்லாம் உங்க தலையில கட்டிர்றா” என்பாள்.

பாய் கட்டிலருகே போய் நூலை எடுத்ததும் என் மாமியார் குறுக்கே வந்து நின்றார்.

“மாப்ள, படுத்துக் கெடக்குறவள நூல் போட்டு அளக்குறதா? பாடை கட்டத்தான் அப்பிடி அளப்பாக. எம் மக இன்னும் உசுரோட இருக்கா.”

பாய் நூலைக் கீழே இறக்கினார். “அளக்காமலும் செஞ்சு குடுத்துருவேன்மா. உக்காருறவுகளுக்கு ஒத்து வருமான்னு மட்டும் என்னையக் கேக்கக் கூடாது.”

தெருவிளக்குக் கம்பங்களைக்கூட எண்ணிக்கொண்டு நடக்கிறவன் நான். மாமியாரைச் சும்மா இருக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. மாமியாரே வழியும் சொன்னார். என் கொழுந்தியாள் எங்களோடுதான் இருந்தாள். அக்காளுக்கு இரண்டு வயது இளையவள். அதே உயரம், அதே பருமன். தையல்காரர் இருவருக்கும் ஒரே அளவில்தான் ரவிக்கை தைப்பார். அவளை முக்காலியில் உட்கார வைத்து அளந்தோம். இடுப்பகலம் பதினேழு அங்குலம். நானே இரண்டு முறை சரிபார்த்துக் குறித்துக்கொண்டேன்.

கட்டிலில் கிடந்தவள் சிரித்தாள். “அப்ப இவளையே உக்கார வச்சுத் தள்ளிக்கிட்டுப் போங்க.”

இருபத்திரண்டாம் நாள் கைவண்டியில் நாற்காலி வந்தது. அவளைத் தூக்கி உட்கார வைத்தால் இரண்டு பக்கமும் கை நுழைகிற இடைவெளி. படுக்கை அவளை இவ்வளவு கரைத்திருந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. பக்கத்துக்கொரு தலையணை செருகினோம். அப்படியும் வலப்பக்கமாகவே சரிந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு, தள்ளுங்க” என்றாள்.

வாசலில் கீரைக்காரி கூடையை இறக்கினாள்.

“ஒரு கட்டு எம்புட்டு?”

“காலணா, தாயி.”

“காலணாவுக்கு ரெண்டு கட்டுக் குடுத்தவதான நீ? நான் படுத்துட்டா உன் வெல எந்திரிச்சிருமா?”

கீரைக்காரி வாயைப் பொத்திச் சிரித்தபடி இரண்டு கட்டை மடியில் வைத்தாள். இப்படி நாற்பத்து மூன்று காலை அவள் வாசலில் உட்கார்ந்தாள்.

நாற்பத்து நான்காம் நாள் கொழுந்தியாள் அவளைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“அத்தான், அக்காவுக்கு இடுப்புக்குக் கீழ வலப்பக்கம் புண்ணு இருக்கு. என் உள்ளங்கை அம்புட்டு இருக்கு. இத்தன நாளா அங்கிட்டுச் சேலைய வெலக்கவே விடல.”

நான் உள்ளே போய் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா மறுபடி படுக்கப் போட்ருவீகல்ல” என்றாள்.

படுக்கத்தான் போட்டோம். புண்ணைப் பார்த்த டாக்டர், நாற்காலி ஆளுக்குச் சரியாக இல்லாததால் ஒரே இடத்தில் அழுந்தி வந்தது என்றார். பாயை மறுபடி வரவழைத்தேன். இந்த முறை மாமியாரை அடுப்படிக்குப் போகச் சொல்லிவிட்டு, நூலின் ஒரு முனையை நானே பிடித்தேன். பன்னிரண்டு அங்குலம். ஐந்து அங்குலம் பிசகு. பாய் என்னைப் பார்க்காமல் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

அகலத்தைக் குறைத்து, பஞ்சு மெத்தையும் வைத்து ஒன்பதாம் நாள் கொண்டுவந்தார். அதற்குள் புண் எலும்பு வரை போய், காய்ச்சலும் கண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னாள். கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள்.

“இது எனக்குச் சரியா இருக்கும்.”

அதில் அவள் ஒரு முறைகூட உட்காரவில்லை. மாசி ஏழாம் தேதி மத்தியானம் போய்விட்டாள்.

மாமியார் அதற்குப் பின் பன்னிரண்டு வருடம் இருந்தார். துக்கத்துக்கு வந்தவர்களிடமும் பிறகு வந்தவர்களிடமும், “படுத்திருந்தவள அளந்தாருல்ல” என்பார். அவர் சொன்னது நான் அளந்த நாளை. அளக்காமல் விட்ட நாளைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் போதும். நாற்காலிக்கும், அதைத் திருத்தியதற்கும், கைவண்டிக்கும், புண்ணுக்கு மருந்து கட்டியதற்கும் சேர்த்து மொத்தம் நாற்பத்திரண்டு ரூபாய் இரண்டு அணா.