மூணா, எட்டா?

இது நடந்தது. ராஜசேகரின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஓசூர் பாகலூர் ரோட்டில் இன்றும் இருக்கிறது. போய்க் கேளுங்கள், அவனே சொல்வான். ஆனால் மானிட்டர் துடைக்க என்ன துணி வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைக்குக் கடையைச் சாத்திவிடுவான்.

பேய் என்றால் நள்ளிரவு, சுடுகாடு, புளியமரம் என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இது சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும் ஒரு பிரஸ் கம்பெனியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டியூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது.

முதலில் போன வருஷத்துச் சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் விடிந்தும் விடியாமல் அந்தக் கம்பெனியிலிருந்து ராஜசேகருக்கு போன் வந்தது. லைன் இன்சார்ஜ் சுரேந்தர் பேசினார். "நாலாம் பிரஸ் மானிட்டர்ல எழுத்து மங்கலா இருக்குப்பா. உடனே வா." ராஜசேகர் கடை திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு கம்பெனி கிடைத்தால் பக்கத்துக் கம்பெனிகளும் கிடைக்கும். பல்லைக்கூடத் தேய்க்காமல் வண்டியை எடுத்தான்.

கேட்டில் வாழைக்கன்று கட்டியிருந்தது. உடைத்த பூசணிக்காய், குங்குமத்தில் ஊறிச் சிவந்து கிடந்தது. எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நாலாம் பிரஸ் பக்கம் மட்டும் தரை ஈரமாக இருந்தது. ஃபினாயில் வாசனை மூக்கைப் பிடுங்கியது. பூஜைக்கு முன்னால்தானே கழுவுவார்கள்? அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

கோளாறு சின்னதுதான். பழைய சதுர மானிட்டர் எரிந்துபோக, ஆபீசிலிருந்து அகல மானிட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் பழைய அளவே இருந்தது. சின்னப் பையன் சட்டையைப் பெரிய ஆளுக்கு இழுத்து மாட்டிய மாதிரி எழுத்தெல்லாம் இழுபட்டு, ஓரம் பிசிறடித்துக் கிடந்தது. கேபிளை மாற்றினான். அளவைச் சரியாக வைத்தான். பத்து நிமிஷ வேலை. எழுத்து அச்சடித்த மாதிரி நின்றது.

கண்ணாடியில் சிவப்பாகப் புள்ளிப் புள்ளியாகத் தெறித்துக் காய்ந்திருந்தது. பூசணிக்காய்க் குங்குமம் என்று பையிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து, தண்ணீர் தொட்டு, அழுத்தித் துடைத்தான். போகவே மாட்டேன் என்றது. துடைத்துவிட்டுத்தான் வந்தான்.

அதிலிருந்து அந்தக் கம்பெனி அவனுடையதாயிற்று. சுரேந்தர் சொல்லிச் சொல்லி மற்ற கம்பெனிகளும் வந்தன.

இந்த வருஷம், ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சுரேந்தர் மறுபடி கூப்பிட்டார். அதே மானிட்டர். அதே மங்கல்.

ராஜசேகர் போய்ப் பார்த்தான். எழுத்து கத்தி மாதிரி இருந்தது.

"எங்க சார் மங்கல்?"

"முழுக்கத்தாண்டா. மூணும் எட்டும் ஒரே மாதிரி தெரியுது."

கேபிளை மாற்றினான். மறுநாள் போன் வந்தது. வேறு மானிட்டரே மாட்டினான். அதற்கும் போன். பிரஸ் ஓட்டுகிற பையன்களைக் கேட்டால் எல்லாருக்கும் தெளிவாகத் தெரிகிறது. சுரேந்தருக்கு மட்டும் தெரியவில்லை. அதுவும் நாலாம் பிரஸ்ஸில் மட்டும். செல்போன், பேப்பர், பஸ் போர்டு எல்லாம் படிக்கிறார்.

மூன்றாம் தடவை போனபோது ராஜசேகருக்கு அலுத்துவிட்டது. "தப்பா நினைக்காதீங்க சார். எதுக்கும் கண்ணை டெஸ்ட் பண்ணிக்கங்க."

பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த சரசம்மாவின் துடைப்பம் நின்றது. சுரேந்தர் விருட்டென்று போய்விட்டார்.

"ஏன் சாமி, அந்தப் பேச்சை நீ ஏன் பேசுன?" என்றாள் சரசம்மா.

"எந்தப் பேச்சு?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கல்லாவி ஊர்ப் புள்ள ஒண்ணு இங்க வேலைக்கு இருந்துச்சு. வினோதான்னு. இதே மிஷினு. மானிட்டர் மாத்தினதுல இருந்து அது சொல்லிகினே இருந்துச்சு, சார் மூணா எட்டான்னு தெரியல சார்னு. லைனை நிறுத்த முடியாது, போய்க் கண்ணை டெஸ்ட் பண்ணுன்னான் இந்தாளு. டெஸ்ட் பண்ணிச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னாங்க. அப்பவும் உடல. கண்ணாடி போட்டாத்தான் உள்ள விடுவேன்னுட்டான். பவரே இல்லாத கண்ணாடி வாங்கிப் போட்டுகினு வந்துச்சு, பாவம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. எட்டை மூணுன்னு பாத்துட்டுது."

இங்கே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தத் திரையின் மூலையில் ஓர் எண் வரும். மூணு என்றால் செட்டிங். பிரஸ் மேலேயே நிற்கும், கையை உள்ளே விட்டு, டை என்கிற அச்சைத் துடைக்கலாம். எட்டு என்றால் ஆட்டோ. விட்டு விட்டு, தானாக இறங்கி ஏறும். கை உள்ளே இருந்தால் மிஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அது இருந்தால் உற்பத்தி குறைகிறது என்று சுரேந்தர் அதன் ஒயரைத் தாண்டி வேறு ஒயர் கொடுத்து, அதை வேலை செய்யாமல் ஆக்கியிருந்தார்.

"கையும் தலையும் ஒண்ணா உள்ள போச்சு சாமி," என்றாள் சரசம்மா. "ரிப்போர்ட்டுல அந்தப் புள்ள அஜாக்கிரதைன்னு எழுதிட்டாங்க. மானிட்டர் தெளிவா இருக்குதே, படிக்காதது அது தப்புன்னுட்டாங்க. அவங்கப்பன் சென்றாயன் கேட்டுக்கு வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போனாரு."

"இப்பவாவது சென்சார் இருக்குதா?"

"மூணு மாசம் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. மறுநாள் வாடிக்கையாளர் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் நாலாம் பிரஸ்ஸைச் சுரேந்தரே ஓட்டிக் காட்ட வேண்டும். திரை படிக்கத் தெரியாத இன்சார்ஜை யார் வைத்துக்கொள்வார்கள்? சாயங்காலம் ராஜசேகரை வரச் சொன்னார். "இன்னைக்குச் சரியாகலன்னா எனக்கு வேலை இல்ல. எனக்கு இல்லன்னா உனக்கும் எங்கயும் இல்ல. பாத்துக்கோ."

ராஜசேகர் உள்ளே நுழைந்தபோது மணி ஆறு பத்து. கூரைத் தகரத்தில் மழை தட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். நாலாம் பிரஸ்ஸின் மோட்டார் மட்டும் ஓடியது. ம்ம்ம்ம்... என்று.

சுரேந்தர் புதுக்கண்ணாடி போட்டிருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார் சார்?"

"கண்ணு நல்லாத்தான் இருக்குதாம். நான்தான் கேட்டு வாங்கிப் போட்டுகினேன்."

ராஜசேகர் மானிட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

கடைசியாக ஒரு வழி பாக்கி இருந்தது. எழுத்தின் ஓரப் பிசிறை ஆளின் கண்ணுக்குத் தக்கபடி கம்ப்யூட்டரே சரிசெய்துகொள்ளும் வசதி. ஒரே வாக்கியத்தைப் பல கட்டங்களில் காட்டும். எது தெளிவு என்று கேட்கும். அதைச் சொடுக்கினால் அடுத்த பக்கம். கண் டாக்டர் கேட்கிற மாதிரியேதான்.

ஆரம்பிக்கும்போது திரை ஒரு நொடி கறுத்தது.

கறுத்த கண்ணாடியில் ராஜசேகரின் முகம் தெரிந்தது. அவன் தோளுக்கு மேல் சுரேந்தரின் கண்ணாடி மின்னியது. அதற்குப் பின்னால், கொஞ்சம் கீழே...

இன்னொரு மூக்குக்கண்ணாடி.

திரும்பினான். சுரேந்தர் மட்டும்தான் நின்றார்.

திரை வந்துவிட்டது.

"சொல்லுங்க சார். எந்தக் கட்டம் தெளிவா இருக்கு?"

"எதுவுமே இல்ல... இரு. ரெண்டாவதுல ஏதோ தெரியுது." சுரேந்தர் குனிந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "சார்... எழுத்து... தெரியல... சார்."

ராஜசேகர் திரையைப் பார்த்தான். கட்டத்துக்குள் எப்போதும் வரும் ஆங்கில வாக்கியம்தான் இருந்தது.

"என்ன சார் படிக்கிறீங்க?"

"அதான் எழுதியிருக்குதே."

டிக்.

அடுத்த பக்கம் வந்தது. மவுஸில் ராஜசேகரின் கை இல்லை.

"மூணா... எட்டான்னு... தெரியல சார்." சுரேந்தரின் குரல் மெலிந்துகொண்டே வந்தது. பெண் குரல் மாதிரி. "கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னாங்க சார்."

டிக்.

சந்தனம் மணத்தது. கூடவே ஃபினாயில்.

"பூஜை போட்ட மிஷினு சார்... இன்னைக்கு ஓட்ட வேணாம் சார்..."

டிக்.

"சார், போதும். நிறுத்திடலாம்." ராஜசேகர் எழுந்தான்.

டிக்.

பக்கங்கள் முடிந்தன. பழைய திரை வந்தது.

சுரேந்தர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. "டேய் ராஜா! ஆகிடுச்சுடா! கண்ணாடி மாதிரி இருக்குது!"

"என்ன தெரியுது சார்?"

"மூணு. எவ்ளோ தெளிவா இருக்குது பாரு."

ராஜசேகர் பார்த்தான்.

எட்டு.

"சார், அது எட்டு."

"மூணுடா. நானே செட்டிங்ல வெச்சேன். அதை மாத்துற சாவி என்கிட்ட இருக்குது." பேண்ட் பாக்கெட்டைத் தட்டினார். டை மேல் தூசி இருந்தது. வேஸ்ட் துணியை எடுத்தார்.

"சார்... எட்டு சார்! கைய விடாதீங்க!"

சுரேந்தர் சிரித்தார்.

"போடா. போய்க் கண்ணை டெஸ்ட் பண்ணு."

கையை விட்டார்.

மணி ஆறு நாற்பது. அந்தச் சத்தத்தை ராஜசேகர் இன்றுவரை சொன்னதில்லை.

உயிர் இருக்கிறது. வலது கை முழங்கைக்குக் கீழ் இல்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்னது, "மூணுதான் இருந்துச்சு." இப்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாவி அவர் பாக்கெட்டிலேயே இருந்தது. சாவி இல்லாமல் மூணு எட்டாக மாற வழியே இல்லை என்று மிஷின் கம்பெனிக்காரர்கள் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அஜாக்கிரதை என்று ரிப்போர்ட் முடிந்தது.

ஆயுத பூஜை முடிந்து, விட்டுவந்த பையை எடுக்க ராஜசேகர் கம்பெனிக்குப் போனான். எடுத்துக்கொண்டு திரும்பும்போது கேட்டில் சரசம்மா பூசணிக்காய்த் துண்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள செத்து எவ்ளோ நாள் ஆச்சும்மா?" என்று கேட்டான்.

"போன வருஷம் பூஜை அன்னைக்கு ராத்திரிதான். டெலிவரி அவசரம்னு பூஜை போட்ட மிஷினை ஓட்ட வெச்சான். மறுநா விடியக்காலைல நீ வந்து மானிட்டரைச் சரி பண்ணியே... போலீசு வந்தது அப்புறம்தான்."

ஈரத் தரை. ஃபினாயில்.

"திரையில குங்குமம் இருந்துச்சேம்மா. தெறிச்சிருந்துச்சு. நான்தான் துடைச்சேன்."

சரசம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "குங்குமமா? பூசணிக்கா கேட்டுலதான் உடைப்போம். அந்த மிஷினுக்குப் பொட்டு வெச்சது வினோதாதான். முன்னாடி வெச்சா இன்னும் எழுத்து தெரியாம போய்டும்னு மானிட்டருக்குப் பின்னாடி வெச்சிச்சு. திரையில ஒரு பொட்டும் இல்ல சாமி."

பை கையில் இருந்தது. அதற்குள் மஞ்சள் துணி. ஒரு வருஷமாக அதே துணி. சிப்காட் முழுக்க, சூளகிரி, குருபரப்பள்ளி வரைக்கும், எத்தனை மானிட்டரை அதால் துடைத்திருப்பான்...

போன் அடித்தது. குருபரப்பள்ளியில் இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரி. அங்கே சூப்பர்வைசர்.

"ராஜா, எழுத்தெல்லாம் மங்கலா இருக்குதுப்பா. பசங்களுக்குத் தெளிவா தெரியுதாம். எனக்கு மட்டும்தான்..."

ராஜசேகர் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தான். பிறகு கேட்டான்.

"சார், உங்க மிஷின்ல சென்சார் வேலை செய்யுதா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.