அமைதியாக இறந்தது என்று எழுதியவன்

வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வலிக்காது என்று சொன்னேன்.

அந்தச் சொல்லை நம்பி ஒரு மனிதர் தம் நாயின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசி உள்ளே போனது. நான் பக்கத்தில்தான் நின்றேன்... கையில் பேனாவோடு!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். முழுவதையும் கேட்டுவிடுங்கள். பிறகு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வீடு சாரம் என்கிற பகுதியில். வேலை, நோணாங்குப்பத்தில் படகு ஏறப் போகிற கூட்டத்தையெல்லாம் கடந்து போனால் ஒரு தென்னந்தோப்பின் ஓரமாக இருக்கும் விலங்குக் காப்பகத்தில். வண்டியில் அடிபட்ட நாய்கள், சொறி பிடித்த நாய்கள், வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போன நாய்கள் அங்கே வரும். தேறுபவை தேறும். இனித் தேறாது என்று டாக்டர் சொல்பவற்றுக்குக் கடைசி ஊசி.

அந்த ஊசி புதன்கிழமைகளில் மட்டும். செவ்வாயும் வெள்ளியும் உயிரை எடுக்கக் கூடாது என்பது அங்கே வேலை பார்ப்பவர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. மற்ற நாட்களில் டாக்டர் வருவது நிச்சயமில்லை. ஆகவே புதன். அன்று காலையில் பட்டியலில் உள்ள நாய்களுக்கு மட்டும் பொறை ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவார் ஏழுமலையண்ணன். நாய்களைப் பிடித்து வருவதும், ஊசியின்போது அசையாமல் பிடித்துக்கொள்வதும் அவர் வேலை. பஞ்சாலையில் இருந்தவர். ஆலையை மூடிய பிறகு எங்கெங்கோ அலைந்து இங்கே வந்து சேர்ந்தவர். பள்ளிக்கூடத்தின் பக்கம் போனதே இல்லை.

என் வேலை, பதிவேடு. நாயின் நிறம், ஆணா பெண்ணா, எங்கே பிடித்தது, ஏன் இந்த முடிவு... எல்லாம் எழுத வேண்டும். கடைசிக் கட்டம், 'இறப்பின் தன்மை'. அதில் என்ன எழுதுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாக ஒரு வாக்கியம் கண்டுபிடித்தேன். 'அமைதியாக இறந்தது.'

அதை எழுதும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை இதுதான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். டீக்கடையில் யார் கேட்டாலும், "பையன் ஆஸ்பத்திரில உத்தியோகம்" என்பார். எந்த ஆஸ்பத்திரி என்று மேலே கேட்டால் கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அமைதி என்று எழுதியது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஊசி போட்டதும் நாய் தளர்ந்து சரியும். முனகாது. கால் உதறாது. சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பார்ப்பவர் எவரும் அமைதி என்றுதானே சொல்வார்? நீங்கள் இருந்திருந்தாலும் அப்படித்தானே எழுதியிருப்பீர்கள்?

ஒருநாள் புதிதாக வந்த மருந்துப் பெட்டியை ஏழுமலையண்ணன் பிரித்தபோது உள்ளேயிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. அவர் எந்தத் தாளையும் எறியமாட்டார். போனில் வரும் செய்தி, ரேஷன் கடை அறிவிப்பு, மாத்திரை அட்டை, எதுவாக இருந்தாலும் என்னிடம் கொண்டுவருவார். நான் வாசிக்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"தம்பி, இதுல இன்னா போட்டுருக்குதுன்னு படிச்சுச் சொல்லு."

பொடி எழுத்து, ஆங்கிலம். அரசுப் பள்ளியில் படித்து, அரசுக் கல்லூரியில் விலங்கியலும் படித்து முடித்தவனுக்கு அது மெதுவாகத்தான் திறந்தது. இரண்டு மூன்று சொற்களைப் போனில் தேடிப் பார்த்தேன். பிறகு மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்துவதற்கான மருந்து அது. வலியைப் போக்காது. நினைவை அகற்றாது. முழு மயக்கத்தில் ஆழ்த்திய பிறகே செலுத்த வேண்டும். மூச்சு நின்றுவிடும்.

நாங்கள் மயக்கமருந்தே கொடுப்பதில்லை...

அப்படியானால் அந்த நாய்கள் அசையாமல் கிடந்தது, அசைய முடியாததால்! முனகாமல் இருந்தது, முனக முடியாததால்! உள்ளே எல்லாம் விழித்திருக்கிறது. காது கேட்கிறது. மூச்சு வரவில்லை என்பது தெரிகிறது. மேலே நின்று ஒருவன் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறான்...

"இன்னா தம்பி, ஒண்ணும் பேசமாட்ற?" என்றார் ஏழுமலையண்ணன்.

"தூங்க வைக்கிற மருந்துதாண்ணே."

அதுதான் முதல் பொய். ஏன் சொன்னேன்? எனக்குப் பயம். அவர் ஆலை வாசலில் கொடி பிடித்துக் கோஷம் போட்டவர். தெரிந்தால் அங்கேயே நாய் பிடிக்கும் சுருக்குக் கோலைக் கீழே போட்டுவிட்டுச் சத்தம் போடுவார். டாக்டர் திரும்பி, இதை யார் இவருக்குப் படித்துச் சொன்னது என்று கேட்பார். அவரை விட்டால் அந்த முற்றத்தில் அந்தத் தாளைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான்.

டாக்டரிடம் நான் கேட்காமல் இல்லை. ஒரே ஒரு முறை, அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். கேட்டேன் என்றா சொன்னேன்? அரை வாக்கியம் சொன்னேன். முதலில் மயக்க ஊசி போட்டுவிட்டு... என்று இழுத்தேன். ஆபரேஷனுக்கே மயக்கமருந்து பற்றவில்லை, சாகப்போகிற நாய்க்கு எதற்கு என்றார். கோபமே இல்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"உன்னை இந்த வேலைக்கு யாருப்பா சொன்னது?"

அவ்வளவுதான் கேட்டார். என்னுடையது நிரந்தர வேலை இல்லை. என்னைச் சிபாரிசு செய்தவருக்கு ஒரு போன் போதும். அப்பா டீக்கடையில் அதன் பிறகு என்ன சொல்வார்?

அதற்குப் பின் வந்த புதன்கிழமைகளில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை, வெறுமனே 'இறந்தது' என்று மட்டும் எழுதிவைத்தேன். அதுதான் என் வீரம்! டாக்டர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறதே என்றார். சேர்த்து எழுதினேன்.

நடுவில் அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை நடந்தது, பெரிய ஆஸ்பத்திரியில். மயக்கமருந்து கொடுக்கும் டாக்டரிடம் போய், "எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல சார்?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அவர் எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தார். நான் பின்வாங்கவில்லை. பாருங்கள், கேட்க எனக்கு வாய் இருந்திருக்கிறது...

அப்புறம் சொல்தா வந்தது.

சொல்தா ஏழுமலையண்ணனின் சொந்த நாய். அதை முதலில் வளர்த்தவர் அவர் தெருவில் இருந்த ஒரு பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் இறந்த பிறகு நாய் ஏழுமலையண்ணன் வீட்டுக்கு வந்தது. பெரியவரின் அந்தப் பெயரே அதற்கு வந்தது. இப்போது வயிற்றில் கட்டி. சோறு இறங்கவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு, ஒரு புதன்கிழமை காலையில் அவரே சைக்கிள் கேரியரில் சாக்கு விரித்துக் கட்டிக் கொண்டுவந்தார்.

பட்டியலில் நான்தான் பெயரை எழுத வேண்டும். எழுத விடாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்காதுல்ல தம்பி? நெசமா சொல்லு. வலிக்கும்னா சொல்லிடு, நான் வூட்டுக்கே எடுத்துனு போயிடறேன். எம்மாம் நாள் இருக்குதோ இருந்துட்டுப் போவட்டும்."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எனக்கு வழியைத் திறந்து வைத்தார். டாக்டரை எதிர்க்கச் சொல்லவில்லை. வேலையை விடச் சொல்லவில்லை. வலிக்கும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நாயைத் திருப்பிக் கட்டிக்கொண்டு போயிருப்பார். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

ஆனால் எனக்கு வேறொரு கணக்கு ஓடியது. இன்று வலிக்கும் என்றால், அன்றைக்கு ஏன் தூங்க வைக்கிற மருந்து என்றாய் என்று கேட்பாரே! இத்தனை நாய்களை நான் பிடித்துக் கொடுத்தேனே, அப்போதெல்லாம் உனக்குத் தெரியுமா என்று கேட்பாரே... அந்தக் கேள்விக்குப் பயந்தேன். பழைய பொய்யைக் காப்பாற்றப் புதிய பொய் சொன்னேன்.

"வலிக்காதுண்ணே. தூங்கிடும்."

பொறையை ஊறவைத்துக் கொடுத்தார். அது தின்னவில்லை. அவர் விரலை மட்டும் நக்கியது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கூண்டைப் பார்க்கப் போனார்.

அன்று மட்டும் என்னால் சுவரைப் பார்க்க முடியவில்லை.

"டேய் சொல்தா, ஒண்ணும் இல்லடா. தூங்கு. அப்பா இங்கதான்டா கீறேன்..." காதோரம் குனிந்து பேசிக்கொண்டே இருந்தார். நாய் தளர்ந்தது. கண் அவரையே பார்த்தபடி நின்றது. ஓர் ஈ வந்து அந்தக் கண்ணின் ஓரத்தில் உட்கார்ந்தது. இமை அசையவில்லை. ஏழுமலையண்ணன் ஈயை விரட்டினார்.

"போயிடுச்சு தம்பி," என்றார்.

போகவில்லை! விலாவுக்குக் கீழே இதயம் துடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அவர் கண்ணில் நீர். போய்விட்டது என்று நினைத்துப் பேச்சை நிறுத்திவிட்டார். தலையை மெல்ல இறக்கிச் சிமென்ட் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். சாக்கை எடுத்துவர நடந்தார்.

அது அங்கே கிடந்தது. உயிரோடு, நினைவோடு, மூச்சில்லாமல். குரல் ஏன் நின்றது, மடி எங்கே போனது என்று அதற்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும்...

இன்னும் கொஞ்சம் பேசுங்கண்ணே என்று நான் சொல்லியிருக்கலாம். அது மட்டுமாவது சொல்லியிருக்கலாம்! சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்கும் பயந்தேன். நானாவது குனிந்து அதன் தலையைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. துடிப்பு நிற்கும்வரை நின்றேன். பிறகு கடைசிக் கட்டத்தில் அந்த இரண்டு சொற்களை எழுதினேன். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் திகிலாக இருக்கிறது.

சில மாதங்களில் அந்த டாக்டர் போய் ஒரு பெண் டாக்டர் வந்தார். வந்த முதல் வாரமே பெட்டியைப் பார்த்துவிட்டு, அந்த ஊசியை நிறுத்தினார். மயக்கமருந்து வராமல் எந்த நாயையும் தொடமாட்டேன் என்று நிர்வாகத்தோடு சண்டை போட்டு வாங்கினார். இப்போது முதல் ஊசி மயக்கத்துக்கு. கண்ணோரம் தொட்டுப் பார்த்து, காலைக் கிள்ளிப் பார்த்து, அசைவே இல்லை என்று உறுதியான பிறகுதான் இரண்டாவது, வேறு மருந்து. பிறகு நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார். எல்லாம் மாறிவிட்டது. இத்தனை எளிதாகவா? இத்தனை எளிதாகத்தான். அதை நிறுத்தியதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

அவர் எங்களையெல்லாம் முற்றத்தில் உட்காரவைத்து விளக்கினார். நல்லெண்ணத்தோடுதான். பழைய ஊசி உடம்பை மட்டுமே கட்டிப்போடும், அறிவு விழித்தபடியே இருக்கும் என்று தமிழில், ஒரு குழந்தைக்கும் புரிகிற மாதிரி சொன்னார். நான் ஏழுமலையண்ணனின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. அந்தப் பிடரி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

எல்லோரும் எழுந்து போன பிறகு என்னிடம் வந்தார். ஓடிவிடலாமா என்று தோன்றியது.

"தம்பி, அன்னிக்கு அந்தப் பேப்பரப் படிச்சியே. இது அதுல இருந்துச்சா?"

இதோ, கடைசி வாய்ப்பு. என்ன செய்தேன் தெரியுமா?

"இங்கிலீஷுண்ணே... எனக்குப் பாதி புரியல."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன், படிக்கத் தெரியாதவனாக நடித்தேன். அப்பா எத்தனை மூட்டை சுமந்து வாங்கித் தந்த படிப்பு! அதையே மென்று விழுங்கினேன்.



"அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கமாட்டியா நீ," என்றார். தோளில் தட்டிவிட்டுக் கூண்டு கழுவப் போனார்.

அன்றிலிருந்து அவர் எந்தத் தாளையும் என்னிடம் கொண்டுவருவதில்லை. நேரே டாக்டரம்மாவிடம் போகிறார். "தம்பிக்கு இங்கிலீஷ் அவ்ளோ வராதும்மா, நீங்களே சொல்லுங்க" என்கிறார், எனக்குக் கேட்கும்படியாக. நம்பித்தான் சொல்கிறாரா? இல்லை, எல்லாம் தெரிந்தே சொல்கிறாரா? கேட்கப் பயம். ஒவ்வொரு புதன்கிழமையும் அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் மறுபக்கம் நிற்கிறேன். நாய்கள் இப்போது உண்மையிலேயே அமைதியாக இறக்கின்றன. அந்தச் சொல்லை என்னால் எழுத முடியவில்லை. டாக்டரம்மாவே எழுதிக்கொள்கிறார்.

ஏழுமலை என்பது அவருடைய உண்மையான பெயர் அல்ல. அவரிடம் நேரில் சொல்ல வேண்டியதை ஏன் இப்படி அச்சில் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஆனாலும் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு, ஆளை ஊகித்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிட்டால்? வாசிப்பவரின் வாயையே பார்த்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தால்?

வாசித்துக் காட்டாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சத் தோன்றுகிறது. இதுவரை கெஞ்சவில்லை. நாளை புதன்கிழமை.