பிளெங்கோப் வம்சமும் மீன் வண்டி எஃபியும்

எஃபி பிளெங்கோப் 1949 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணிக்குப் பிறந்தாள். நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அவள் ட்வீட் ஆற்றின் ஸ்காட்லாந்துக் கரையில் பிறந்ததுதான். இந்தக் கரையில் பிறந்த நேரத்தையும் பதிவுப் புத்தகத்தில் எழுதுவோம். அக்கரையில், இங்கிலாந்தில், இரட்டைப் பிள்ளைகள் பிறந்தாலொழிய யாரும் நேரம் கேட்பதில்லை. ஒரே ஆறு, கூப்பிடு தூரம், வழக்கம் வேறு.

அவள் தகப்பன் கெர்ஸ்லா பண்ணையில் ஆட்டு மேய்ப்பர். எஃபி பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, ஐமத் துறைமுகத்தில் மீனுக்குப் புகை போடும் கொட்டகையில் சேர்ந்தாள். 1972 மே மாதம் ஒரு நீல வண்டியை வாங்கி ஊர் ஊராக மீன் விற்கத் தொடங்கினாள். செவ்வாயும் வெள்ளியும் இக்கரை. புதனும் வியாழனும் அக்கரை. நாற்பத்து நான்கு வருடங்களில் அவள் வராமல் போன வியாழக்கிழமைகள் ஒன்பது. அதில் ஏழு பனிப்பொழிவால்.

நான் அந்த வட்டாரத்தின் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்தேன். 1973-இல் சித்தப்பாவின் இறப்பைப் பதிய அவள் அலுவலகத்துக்கு வந்தாள். மீன் வாசனை அவளுக்கு முன்பே வந்துவிட்டது.

"என்ன ரெஜிஸ்ட்ரார், இன்னிக்கு எத்தனை பேரைப் பொறக்க வெச்சீங்க, எத்தனை பேரை அனுப்பி வெச்சீங்க?"

"உன் சித்தப்பாவோட சேர்த்து ரெண்டு பேரை அனுப்பியாச்சு. பேரைச் சொல்லு."

"பிளெங்கோப். நிறுத்தி நல்லா எழுதுங்க. இந்தப் பேருல மிச்சம் இருக்கற ஆளுங்களை ஒரு வண்டியில ஏத்திடலாம். மீனுக்கும் இடம் இருக்கும்."

சொன்னதை நம்பாமல் அன்று மாலையே தொலைபேசிப் புத்தகங்களை எடுத்தேன். பிரிட்டன் முழுவதற்கும் அப்போது அறுபதுக்கு மேற்பட்ட புத்தகங்கள். எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பதினொரு வாரம் ஆனது. பதினான்கு பிளெங்கோப்புகள். பன்னிரண்டு பேர் ட்வீட் ஆற்றிலிருந்து பதினெட்டு மைலுக்குள். ஒருவர் ஹார்ட்டில்பூலில், ஒருவர் கார்டிஃபில். அவ்வளவுதான். லண்டனில் ஒருவர்கூட இல்லை! பார்த்து முடித்த மாலை நான் இரவுச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன் என்று என் மனைவி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

சுவரில் ஒரு வரைபடம் மாட்டி, பிளெங்கோப் ஒருவருக்கு ஓர் ஊசி என்று குத்த ஆரம்பித்தேன். எஃபி எனக்குக் கண்ணும் காலுமானாள். போகிற ஊரிலெல்லாம் கல்லறைக் கற்களைப் படித்து, மீன் சுற்றும் தாளில் எழுதிக்கொண்டு வருவாள். தாள்களைக் காய வைத்துத்தான் கோப்பில் சேர்க்க வேண்டும். பின்னாளில் 1881 மக்கள்தொகைக் கணக்கு கைக்கு வந்தபோது மொத்தம் அறுபத்து மூன்று பேர் தேறினார்கள். அதில் ஐம்பத்தெட்டு பேர் ஆற்றின் இரு கரைகளில் இரண்டே ஊர்களில். இக்கரையில் கெர்ஸ்லா. அக்கரையில் ஆர்டன்ஹாம்.

ஆர்டன்ஹாம்தான் ஊற்று. கில்பர்ட் பிளெங்கோப் என்ற கம்பளி வியாபாரி 1711-இல் அங்கே பிள்ளையில்லாமல் இறந்தார். ஆற்றங்கரையில் மூன்று கல் வீடுகளை அறக்கட்டளையாக எழுதி வைத்தார். "என் பெயரைத் தகப்பன் வழியில், முறையான பிறப்பால் சுமக்கிற வயதானவர்கள்" அங்கே வாடகையின்றிக் கடைசிவரை இருக்கலாம். அப்படி யாரும் இல்லாத காலத்தில் வேறு ஏழைகளை வைக்கலாம். இனி ஒருவரும் வரவே முடியாது என்றால் வீடுகளை விற்றுத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிடலாம். பிளெங்கோப் பெயரில் கடைசியாக அங்கே குடியிருந்தவர் 1902-இல் இறந்தார். பிறகு அந்தப் பெயர்கொண்ட யாரும் வீடு கேட்கவில்லை.

2016-இல் எஃபி கேட்டாள். அவள் இருந்தது பண்ணை வீடு. தகப்பன் காலத்திலிருந்து வாய்ச்சொல்லில் விட்டிருந்தார்கள். பண்ணையின் புதுச் சொந்தக்காரர் அதைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போவதாகச் சொல்லி, நவம்பர் 28-க்குள் காலி செய்யச் சொன்னார். அவளுக்கு அறுபத்தேழு வயது. போக இடமில்லை. ஆர்டன்ஹாமில் நடுவீடு காலியாக இருந்தது. அறக்கட்டளைச் செயலாளர் திருமதி ஹெப்பிளுக்கு மனு எழுதிப் போட்டாள்.

பதில் வந்த மறுநாள், அக்டோபர் 4, செவ்வாய், என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஆரன் அடித்தாள். இறங்கவில்லை. கடிதத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"படிங்க. நான் படிச்சா கெட்ட வார்த்தையா வருது."

திருமதி ஹெப்பிள் மரியாதையாகவே எழுதியிருந்தார். இன்று உயிரோடு இருக்கும் பிளெங்கோப்புகள் அனைவரும் நினியன் பிளெங்கோப் என்பவரின் வழிவந்தவர்கள். நினியனின் பெற்றோர் திருமணம் 1738 ஜூன் 20. நினியனின் ஞானஸ்நானம் 1738 பிப்ரவரி 11. கல்யாணத்துக்கு நான்கு மாதம் முன்பே பிறந்த பிள்ளை இங்கிலாந்துச் சட்டப்படி முறையான பிள்ளை ஆகாது. ஆகவே கில்பர்ட்டின் உயிலுக்கு உரியவர் எவருமே இல்லை. அக்டோபர் 13 வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு அறங்காவலர்கள் கூடி வீடுகளை விற்பது பற்றி முடிவெடுப்பார்கள். ஆதாரம்: ஆவணக் காப்பகத்தில் உள்ள ஆடம் லைட்பாடியின் அட்டைகள், 1974, அட்டை எண் 31.

ஆடம் லைட்பாடி நான்தான். என் பிளெங்கோப் குறிப்பட்டைகளை ஓய்வு பெற்றபோது காப்பகத்துக்குக் கொடுத்திருந்தேன்.

"உங்க கார்டுதானே ரெஜிஸ்ட்ரார்? நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா. கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்தான்னு குறிச்சிருக்கேன். நம்ம பக்கம் அப்பனும் அம்மாவும் அப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்டாலே புள்ள முறையான புள்ளதான். அதனால அதைப் பெரிசா நெனைக்கல."

"அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் அப்படி இல்ல."

"அப்போ நானூறு கஜம் தண்ணியத் தாண்டினா என் பாட்டனுக்குப் பாட்டன் தப்பாப் பொறந்தவன்." வண்டியைக் கிளப்பினாள். "ஒரு தடவை திரும்பப் பாருங்க. உங்க கார்டுல மீன் முள்ளு மாதிரி ஏதாச்சும் மாட்டியிருக்கும்."

அட்டையில் முள் எதுவும் இல்லை. தேதிகள் தெளிவாக, என் கையெழுத்தில், இருந்தன. ஆனால் 1974-இல் ஆர்டன்ஹாம் தேவாலயப் பதிவேட்டைப் பார்க்க எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம். பிளெங்கோப் என்று வந்த வரிகளை மட்டும் பெயர்த்தெழுதிக்கொண்டு பஸ் பிடித்தேன். மேல் வரி, கீழ் வரி பார்க்கவில்லை. இது எனக்கு உறுத்தியது. காப்பகத்தில் மூலப் புத்தகத்தைப் பார்க்க முன்பதிவு கேட்டேன். கிடைத்த முதல் நாள் அதே வியாழன், அக்டோபர் 13, காலை பத்து மணி.

எஃபி தன் வண்டியிலேயே என்னை அழைத்துப் போனாள். என் காலடியில் ஹாடக் மீன் பெட்டி.

புத்தகத்தை நுரைத் தலையணை மீது திறந்து வைத்தார்கள். ஞானஸ்நானப் பக்கத்தில் விரல் வைக்காமல் கண்ணாலேயே இறங்கினேன். நவம்பர் 1738, இரண்டு பிள்ளைகள். டிசம்பர் 1738, ஒன்று. அதற்குக் கீழே ஜனவரி 1738. அதற்குக் கீழே பிப்ரவரி 11, 1738, கத்பர்ட் பிளெங்கோப் மகன் நினியன். மார்ச் 4, 1738. பிறகு பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கொட்டை எழுத்தில் 1739. முதல் பதிவு மார்ச் 29.

எஃபியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எஃபி! டிசம்பருக்கு அப்புறம் ஜனவரி வருது, வருஷம் மாறல!"

"மெதுவா ரெஜிஸ்ட்ரார், எல்லாரும் பாக்கறாங்க. மாறலன்னா?"

"அந்தக் காலத்துல இங்கிலாந்துல புது வருஷம் மார்ச் இருபத்தஞ்சுலதான் பொறக்கும். ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பழைய வருஷத்தோட வால். நம்ம பக்கம் 1600-லயே ஜனவரி ஒண்ணுன்னு மாத்திட்டோம். இவங்க 1752 வரைக்கும் மாத்தல."

"நூத்தம்பது வருஷம் ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வருஷம், அந்தப் பக்கம் ஒரு வருஷமா?"

"வருஷா வருஷம் மூணு மாசம் மட்டும்."

"பாலத்துல நடுவுல நின்னவன் எந்த வருஷத்துல நின்னான்?"

"அதை விடு! இந்த பிப்ரவரி, ஜூனுக்கு முன்னாடி வந்த பிப்ரவரி இல்ல. ஜூனுக்குப் பின்னாடி வந்தது. கல்யாணம் ஆகி இருநூத்து முப்பத்தாறு நாள் கழிச்சு ஞானஸ்நானம்!"

அவள் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?"

"தெரியும். ஆறாம் வகுப்புப் புள்ளைக்கும் சொல்லிக் குடுப்பேன். ஆனா தினம் நம்ம ஊர்ப் புத்தகத்தையே பாத்த கண்ணு. அக்கரைப் புத்தகத்தையும் நம்ம கணக்குலயே படிச்சிருச்சு. தப்பு என்னுது."

"நாப்பத்திரெண்டு வருஷம்!" என்றாள் எஃபி. "ஒரு நாள் பழைய மீனை வித்திருந்தா என்னை ஊரை விட்டே துரத்தியிருப்பாங்க." சிரிக்கிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை. "மணி என்ன?"

பன்னிரண்டே முக்கால். ஞானஸ்நானப் பக்கம், திருமணப் பக்கம் இரண்டுக்கும் நகல் எடுத்து முத்திரை வாங்குவதற்குள் ஒன்றேகால். ஆர்டன்ஹாம் இருபத்து மூன்று மைல். அத்தோடு அது வியாழக்கிழமை, அவளுடைய அக்கரை நாள். வழியெல்லாம் வாசலில் தட்டோடு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முதல் மூன்று ஊர்களில் எஃபி ஆரன் அடித்துக்கொண்டே கடந்தாள். நான்காவது ஊரில் திருமதி டாட் நடுச்சாலையில் வந்து நின்று இரண்டு கையையும் விரித்துவிட்டாள்.

"ஏண்டி எஃபி, என் வீட்டைப் பாத்தா உனக்கு வீடாத் தெரியலையா?"

"தள்ளுங்கம்மா! எனக்கே வீடு இருக்கா இல்லையான்னு கேக்கத்தான் போறேன்!" கதவைத் திறந்து இரண்டு பொட்டலத்தை வீசினாள். "காசு அடுத்த வாரம்!"

"இதுல என்ன மீனு?"

"வெந்ததும் தெரியும்!"

ஊர்ப் பொது மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டு ஐந்து. நீள மேசையில் திருமதி ஹெப்பிளும் நான்கு அறங்காவலர்களும். விற்பனைத் தீர்மானத்தை வாசித்து முடித்திருந்தார்கள். கையெழுத்துதான் பாக்கி.

"மிஸ்டர் லைட்பாடி," என்றார் திருமதி ஹெப்பிள், "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா உங்க கார்டை நம்பித்தான் நாங்க முடிவுக்கு வந்தோம்."

"அந்த கார்டு தப்புங்க. எழுதின நானே சொல்றேன்."

நகலை மேசையில் விரித்தேன். கோட்டையும், அதன் கீழிருந்த வருடத்தையும் காட்டினேன். விளக்கத் தேவைப்படவில்லை. அவர் இங்கிலாந்துக்காரர், பாதி வாக்கியத்திலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மார்ச் இருபத்தஞ்சு! எங்க ஊர்ப் புத்தகம், நாங்களே பாக்காம விட்டுட்டோமே!"

ஓரத்திலிருந்த ஓர் அறங்காவலர், ஓய்வு பெற்ற பால்காரர், விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ஜூலை, ஆகஸ்ட்... எட்டு மாசம்கூட ஆகலையே?"

"கல்யாணத்துக்குப் பின்னாடி பொறந்தா சட்டத்துக்குப் போதும், ஸ்டோபோ," என்றார் திருமதி ஹெப்பிள். "விரல் விட்டு எண்ணணும்னு கில்பர்ட் உயில்ல எழுதலை."

"எங்க குடும்பத்துல யாரும் எதுக்கும் காத்திருக்கற வழக்கம் இல்லீங்க," என்றாள் எஃபி. "என்னாலயும் முடியாது. வண்டியில பனிக்கட்டி உருகுது. வீடு உண்டா, இல்லையா?"

இரண்டு ஐம்பதுக்கு வாக்கெடுத்தார்கள். ஐந்து பேரும் அவள் பக்கம். விற்பனைத் தீர்மானத்தைத் திருமதி ஹெப்பிள் நான்காகக் கிழித்தார். எஃபி நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை நின்றே பேசியிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கன்னத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு, மண்டபத்திலிருந்த எல்லோருக்கும் புகை போட்ட ஹெர்ரிங் மீன் தருகிறேன் என்றாள். தந்தாள். ஸ்டோபோ இரண்டாக வாங்கினார்.

அன்று மாலையே புது அட்டை எழுதினேன். பழையதன் மேல் கோடிட்டு, தேதியும் கையெழுத்தும் போட்டு, காப்பகத்துக்கு அனுப்பினேன். பிறகு இப்போது மிச்சமிருந்த பிளெங்கோப் குடும்பங்கள் பதினொன்றுக்கும் தொலைபேசியில் சொன்னேன். எல்லோருக்குமே இந்த உரிமை உண்டல்லவா! கார்டிஃப்காரர் மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தார். ஹார்ட்டில்பூலில் இருந்த ஆர்ச்சி பிளெங்கோப், கப்பல் பட்டறையில் ஓய்வு பெற்றவர், "அந்த வீட்டு ஜன்னல் எந்தத் திசை?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

நவம்பர் 12, சனிக்கிழமை, எஃபி நடுவீட்டில் குடியேறினாள். ஆற்றுப் பக்கம் அடுப்படி, தெருப் பக்கம் வண்டி. மறு ஆண்டு மேற்கு வீடு காலியானதும் ஆர்ச்சி மூட்டையோடு வந்து இறங்கினார். ஒரே வாரத்தில் இருவருக்கும் சண்டை. மீன் நாற்றம் சுவரைத் தாண்டுகிறது என்று அவர். ஹார்ட்டில்பூல்காரனுக்கு மூக்கு இருப்பதே அதிசயம் என்று இவள். தினமும் காலை பத்தரைக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடிதான் இந்தச் சண்டை. போன மாதம் கார்டிஃப்காரரிடமிருந்து கிழக்கு வீட்டைக் கேட்டு மனு வந்திருப்பதாகத் திருமதி ஹெப்பிள் சொன்னார்.

நூற்றுப் பதினான்கு வருடம் ஆர்டன்ஹாமின் அந்த மூன்று வீடுகளில் ஒரு பிளெங்கோப்கூட இல்லை. இப்போது இரண்டு பேர். வரைபடத்தில் மூன்றாவது ஊசியை நான் இன்னும் குத்தவில்லை. ஆள் வந்து இறங்கட்டும்.