நெத்திலியின் பல்லும் கெளுத்தி முள்ளும்

உப்பும் மீனும் கலந்த அந்த வாடை விரல் இடுக்கில் ஏறிவிட்டால் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கருவாடு போடும் வீட்டில் பிறந்த எங்களுக்கு அது ஒரு வாடை என்பதே, வெளியார் யாராவது மூக்கைப் பொத்தும்போதுதான் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கம். ராயபுரத்துக் கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் அம்மா மீனைக் கீறி உப்பிட்டு ஓலைப்பாயில் காயப்போடுவாள். எட்டு வயதுக்காரியான நான் மீனைத் திருப்பிப் போட்டுக் காக்கை ஓட்டுவேன். இன்னும் நடக்கப் பழகாத என் தம்பி பாய்களுக்கு நடுவே தவழ்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைத்துப் பார்ப்பான்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன நைனா ஒருநாள் மாலை, சட்டைக்குள் ஒரு நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமாக இருந்ததால் 'நெத்திலி' என்று பெயர் வைத்தோம். முகத்தைப் பார்த்தால் பச்சைப்பிள்ளை. வாயைத் திறந்தால் அத்தனையும் ஊசி. கையைக் காட்டினால் போதும், கவ்விக்கொண்டு தொங்கும்.

கடிக்கப் பழக்கியதே நாங்கள்தான் என்பது வெகுநாள் எங்கள் புத்திக்கு எட்டவில்லை. மீன் தொட்ட கையைக் கழுவாமல் அதன் மூக்குக்கு நேரே நீட்டி, அது உப்பை நக்கி விரலைச் சப்புவதைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் வீட்டுப் பொழுதுபோக்காக இருந்தது. அதைப் பொறுத்தவரை எங்கள் கையும் ஒரு மீன்தான். மீன் நம்மை ஏன் திட்டுகிறது என்று அது குழம்பியிருந்தால் அதன்மேல் என்ன தப்பு!

ஒருநாள் அது அம்மாவின் மணிக்கட்டில் ரத்தம் வர வைத்துவிட்டது. அம்மா தன் கையைக்கூடப் பார்க்கவில்லை, தவழ்ந்துகொண்டிருந்த தம்பியைத்தான் பார்த்தாள். "புள்ள இருக்கிற வூட்ல இது இன்னா பேஜாரு? இன்னொரு தபா யாரையாவது கடிச்சிதுன்னு வையி, எங்கண்ணன் வர்றப்போ படகுல ஏத்தி காட்டுப்பள்ளில வுட்டுடச் சொல்லிடுவேன், ஆமா" என்றாள். மாமா பதினைந்து நாளைக்கு ஒருமுறை எங்களுக்கு உப்பு மூட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டு, கால்வாய்ப் படகில் வடக்கே காட்டுப்பள்ளி வழியாகத் திரும்பிப் போவார். காட்டுப்பள்ளி மணலில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் நெத்திலி நிற்பதை நினைத்து நான் அன்று சோறு தின்னவில்லை. அம்மா வாயால் ஒன்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். கரையில் மீன் எடுக்கும் பெண்கள் நடுவே அவளுக்கிருந்த மரியாதையே அதனால் வந்தது.

தெருமுனையில் ஒரு தாய்நாயின் குட்டிகள் கட்டிப் புரள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று அழுத்திக் கடித்துவிட்டால் மற்றது 'கைங்' என்று கத்திவிட்டு ஆட்டத்திலிருந்து விலகிவிடும். கடித்த குட்டி, ஆட்டம் எங்கே போயிற்று என்று திருதிருவென விழிக்கும். நானும் அதையே செய்தேன். நெத்திலி கடித்த உடனே 'கைங்' என்று கத்தி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். அது வந்து முழங்கையை நக்கும்வரை திரும்ப மாட்டேன். விளையாடப் போகுமுன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். கடிக்க ஆசையாக இருந்தால் கடித்துக்கொள்ளட்டும் என்று பழைய வலைத்துண்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். "பொண்ணுக்கு நாய் புட்சிகிச்சா?" என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன!

மாமா வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, அவசரத்தில் கை கழுவாமல் அதைத் தூக்கிவிட்டேன். உள்ளங்கையின் ஓரத்தில் பல்லை நன்றாகப் பதித்துவிட்டது. அந்தக் கையோடு உப்பு மீனைத் தொட்டபோது உயிர் போயிற்று. அம்மா பார்த்துவிட்டாள். "கெளுத்தி முள்ளு குத்திடுச்சும்மா" என்றேன். முள் குத்தாத கை எங்கள் தெருவில் ஏது? அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளை அரைத்து வைத்துக் கட்டினாள். "பாத்து எடு" என்றாள், அவ்வளவுதான்.

மாமா வந்த அன்று, மூட்டைகளை இறக்கிவிட்டு நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தார். நெத்திலி வெயிலில் படுத்திருந்தது. தவழ்ந்து போன தம்பி அதன் காதைப் பிடித்து வாயில் வைத்து, அப்போதுதான் முளைத்திருந்த நாலு பல்லாலும் ஒரே கடி. அம்மா அரிவாள்மணையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். நெத்திலி 'கைங்' என்று கத்தியது. பிறகு மெல்ல எழுந்து நாலடி நகர்ந்து, தம்பிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது, அச்சாக நான் உட்காருவது போலவே.

அம்மா சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்துபோயின. "அண்ணே, கடிக்கிறது இவன்தான். இவனை வோணா இட்டுகினு போ" என்றாள்.

நெத்திலி பதினோரு வருஷம் எங்களோடு இருந்தது. பின்னாளில் என் மகன் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிவந்தபோது, அருகிலிருந்த அம்மா திடீரென்று, "கெளுத்தி முள்ளு இன்னா, வரிசையாவா குத்தும்?" என்றாள். "தெரிஞ்சும் ஏம்மா ஒண்ணும் கேக்கலை?" என்றேன். "கேட்டிருந்தா நீ ஒத்துகினு இருப்ப. அப்பால நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தணுமே" என்றாள்.

இன்று அம்மா இல்லை. கருவாடு காய்ந்த மணலுக்கு மேல் சாலை போட்டு லாரிகள் ஓடுகின்றன. நாலு பல்லால் நெத்திலியைக் கடித்த தம்பிக்குப் பல்செட்டு வந்துவிட்டது. என் உள்ளங்கை ஓரத்தில் அந்தத் தழும்பை அவ்வப்போது தேடிப் பார்க்கிறேன். சுருக்கங்களுக்கு நடுவே அது எங்கே என்று தெரியவில்லை. அம்மா அன்று அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.