சர்டிஃபிகேட் பீரோவின் சாவி

எங்கள் ஆஸ்பத்திரியில் இருபது படுக்கை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில் இருக்கிறது. புதிதாக ஒரு நர்ஸ் வந்தால் நான்தான் பழக்குவேன். முதலில் வலியைக் கேட்கச் சொல்லிக் கொடுப்பேன்: தமிழில் வலி, கன்னடத்தில் நோவு, தெலுங்கில் நொப்பி. மூன்றும் வந்து, குழந்தையின் கையில் ஒரே குத்தில் நரம்பு பிடிக்கவும் வந்துவிட்டால், அந்தப் பெண் பெங்களூருவுக்குத் தயார் என்று பொருள். நாற்று விடுவது நாங்கள், நடவு அங்கே. சானமாவுக் காட்டை விட்டு யானை வெளியே வந்தாலாவது திருப்பி அனுப்ப ஆள் வருகிறார்கள். நர்ஸ் எல்லை தாண்டினால் ஒருவரும் வருவதில்லை.

இதற்கு எங்கள் டாக்டர் கண்டுபிடித்த வைத்தியம் ஓர் இரும்பு பீரோ. வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை வாங்கி அதில் வைத்துப் பூட்டிவிடுவார். இரண்டு வருடம் முடித்தால்தான் திரும்பக் கிடைக்கும். சம்பளத்தைக் கூட்டிப் பார்க்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டார். பீரோ சாவி, இன்சார்ஜ் என்ற முறையில் என்னிடம்.

போன வருடம் பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். கெட்டிக்காரி. அவளை நம்பித்தான் நாலு நாள் லீவு கேட்டிருந்தேன். ஊத்தங்கரையில் என் அக்கா வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருந்தாள். ஒன்பது வருடமாக அவள் வீட்டு விசேஷம் எதற்கும் நான் நேரத்துக்குப் போனதில்லை. டியூட்டி முடித்து ஓடினால் பந்தி முடிந்திருக்கும். "இந்தத் தடவையும் எலை எடுக்கத்தான் வருவியா?" என்று போனில் கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள், எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு தனியா வார்டப் பாத்துக்கற அளவுக்குத் தேறட்டும், போங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேறினாள். தேறியதும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மருந்து அறையில் வந்து நின்றாள்.

"அக்கா, திங்கக்கெழம பெங்களூர்ல இன்டர்வியூ. ஒரிஜினல் இல்லாம உள்ளயே விடமாட்டாங்களாம். சாரும் ஊர்ல இல்ல."

"இருந்தா மட்டும் குடுத்துருவாரா?"

"அதனாலதான்க்கா உங்ககிட்ட கேக்கறேன்."

எரிச்சலாக வந்தது. இவள் போனால் என் லீவும் போச்சு. சாவியைக் காணோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அடையாள அட்டையோடு என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஹாஸ்டல் இருக்கா?"

"மூணு வேள சாப்பாடும் இருக்குக்கா."

படித்தவள் அவள், பூட்டி வைத்தது நாங்கள். வெட்கமாக இருந்தது. பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அவள் போன பிறகு அடித்தட்டைப் பார்த்தேன். தூசு படிந்து என் ஃபைல் கிடந்தது. என் இரண்டு வருடம் முடிந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. நான் திருப்பிக் கேட்கவே இல்லை. சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தவளுக்கு அது தோன்றவும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபைலை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார்.

"அந்தப் பொண்ணோட சர்டிஃபிகேட்ட நான்தான் எடுத்துக் குடுத்தேன் சார். வேல கெடச்சிருச்சாம்."

திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. பீரோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுது உள்ளதான இருக்கு, சிஸ்டர்?"

கைப்பை என் தோளில் கனத்தது.

"பாத்துத்தான் சொல்லணும் சார்" என்றேன்.

ஒன்பது வருடமாகக் கேட்டும் கிடைக்காத லீவு அன்று சாயங்காலமே கிடைத்தது. வார்டை யார் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. அக்கா வீட்டுக்கு முதல் நாளே போய்விட்டேன். முதல் பந்திக்கு இலை போட்டது நான்தான்.