முருகையன் அண்ணன் வரைந்த பூட்டு

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. "முருகையன் அண்ணன் தவறிட்டாரு." அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. முந்தின நாள்தான் வாசலில் வந்து நின்று, "இந்தத் தடவையும் நிக்கிறீங்களா இல்லையா தங்கச்சி? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று உயிரை எடுத்தார். "நாளைக்குச் சொல்றேன், போங்கண்ணே" என்று விரட்டினேன். நாளை வரைகூடப் பொறுக்க முடியவில்லையா இந்த மனுஷருக்கு?

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். போன ஊராட்சித் தலைவர் தேர்தலில் நான் பூட்டு சாவிச் சின்னத்தில் நின்றேன். எனக்காக ஊர்ச் சுவர்களிலெல்லாம் சின்னம் வரைந்தவர் அவர்தான். அந்தப் பூட்டு பலாப்பழம் மாதிரி இருந்தது. சொன்னால், "பக்கத்துல சாவி இருக்குல்ல, புரிஞ்சுக்குவாங்க" என்றார்.

புரிந்துகொள்ளவில்லை. தோற்றேன்.

ஓட்டு எண்ணிய இடத்துக்கு வெளியே நான் முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தேன். இவரோ எங்களுக்கென்று வாங்கி வைத்திருந்த சரவெடியைத் தூக்கிக்கொண்டுபோய் ஜெயித்தவரின் ஆட்களிடம் கொடுத்தார்! "வச்சிருந்தா நமுத்துப் போயிரும்ல" என்று விளக்கம் வேறு. அன்று அவரைக் கண்டபடி பேசினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் சுண்ணாம்பு வாளியோடு வந்துவிட்டார். "கெளம்புங்க. கேட்டு வாங்குன சுவரு, அடிச்சுத் திருப்பிக் குடுக்கணும்." ஊர் முகத்திலேயே விழிக்கக் கூடாது, திருப்பூரில் மகளிடம் போய்விடுவது என்று நான் பையைக் கட்டியிருந்தேன். "தோத்தவளைத் தெருத்தெருவா இழுத்துட்டுப் போறீங்களே, ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்று கத்தினேன்.

"சுவரை முடிச்சிட்டுப் போங்க. சாயங்காலமும் பஸ்ஸு இருக்கு" என்றார்.

போய்த் தொலைத்தேன். கீழத்தெருவில் ஒரு பெண் மோர் கொண்டுவந்து நீட்டி, "நான் ஒங்களுக்குப் போடலக்கா" என்று தலை குனிந்தாள். "கொழாயில தண்ணி வந்து ரொம்ப நாளாச்சு. ஆரு கேப்பா?"

'போட்டவங்ககிட்டக் கேளு' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டு, "அதெல்லாம் தங்கச்சி கேக்கும்" என்றார்! அப்புறம் என்ன, ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். இங்கிட்டுப் போ, அங்கிட்டுப் போ என்று அலையவிட்டார்கள். கடைசியில் தண்ணீர் வந்தது. அந்தப் பெண் குடத்தோடு சிரித்ததைப் பார்த்துவிட்டு வந்துதான் திருப்பூர்ப் பையைப் பிரித்தேன்.

தம் வீட்டுச் சுவரை மட்டும் அவர் அடிக்கவில்லை. "அடுத்த தடவ மறுபடி வரையணும்ல, ரெட்டை வேல" என்பார். "அடுத்த தடவ வேற சின்னம் குடுப்பாங்கண்ணே" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். "குடுக்கும்போது பாத்துக்குவோம்" என்பார். இப்படிப்பட்டவரோடு எப்படிப் பேசுவது?

நேற்று அவரைத் தூக்குவதற்கு முன் அவர் மகன் என்னிடம் வந்தான். "காரியத்துக்கு வீட்டை வெள்ளையடிக்கணும் அத்தை. அப்பா வரைஞ்சதை மட்டும் விட்டுரவா?"

வெயிலில் வெளுத்துப்போன அந்தப் பலாப்பழத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வெடித்தது.

"அதையும் அடிச்சிருய்யா" என்றேன். "இந்தத் தடவ சின்னம் மாறும்."

கேட்டுவிட்டதா அண்ணே? இனியாவது என்னை நச்சரிக்காமல் போய்ச் சேருங்கள்.