வெற்றி மலரும் மாலை வேனும்

நான் வசிக்கும் அமெரிக்கச் சிற்றூரில் பெட்ரோல் பங்க்கின் காபி இயந்திரத்துக்கு மேலே உள்ளூர்க் கல்லூரியின் கூடைப்பந்து அணிப் படம் ஒட்டியிருக்கும். ஒவ்வோர் அக்டோபரிலும் புதுப் படம் வரும். சில வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோப்பையோடு நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பன்னிரண்டு முகங்களில் எனக்குத் தெரிந்தவை இரண்டே. முந்தைய பருவத்தில் ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய அணி அது. பயிற்சியாளர்கூட வேறு ஆள். கல்லாவில் இருந்த டோனா அம்மையாரிடம், "அவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டேன். என் குரலில் துக்கம் விசாரிக்கிற தொனி இருந்திருக்க வேண்டும். அவர் பதறிப்போய் என் கையைப் பற்றிக்கொண்டார். "ஹனி, யாரும் சாகவில்லை. ஜெயித்தார்கள் அல்லவா? பெரிய கல்லூரிகள் கூட்டிக்கொண்டு போய்விட்டன." சொல்லிவிட்டு அடுத்தவருக்குச் சில்லறை கொடுக்கத் திரும்பினார்.

அந்தக் கல்லூரியின் ஆட்டங்களுக்கு நான்தான் புள்ளிக் குறிப்பாளன். சம்பளமில்லாத வேலை. மேசையில் உட்கார்ந்து யார் எத்தனை கூடை போட்டார், யார் எங்கே தவறவிட்டார் என்று நிமிடக் கணக்கில் எழுதுவேன். ஆட்டம் முடிந்ததும் அது கல்லூரியின் இணையதளத்தில் ஏறும். பருவம் முடிந்ததும் வேறு கல்லூரிக்கு மாற விருப்பமுள்ளவர்கள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பட்டியலில் பெயர் பதிவார்கள். பெரிய கல்லூரிகள் அந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கூப்பிடும். சிறிய கல்லூரி மறுபடி முதலிலிருந்து ஆள் தேடும். அந்த அக்டோபரில் இதை விசாரித்து அறிந்துகொண்டேன். அறிந்திருந்தும் காஞ்சிபுரத்தில் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே பதிந்து வைக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தை ஒட்டி நான் படித்த சிறிய கல்லூரியில் என்னோடு ஆடிய பாஸ்கரன் இன்று உடற்கல்வி ஆசிரியர். கூரையில்லாத ஒரு சிமெண்ட் தளம், மழை பெய்தால் விடுமுறை. அதை வைத்துக்கொண்டு பெண்கள் அணியை உருவாக்கி, ஒரு வருடம் சென்னைக் கல்லூரிகளையெல்லாம் வென்று கோப்பையோடு வந்தான். நிர்வாகம் மகிழ்ந்து, பயிற்சி முடிந்து பெண்கள் வீடு திரும்ப மாலை வேன் ஒன்றை விட்டது. கிராமத்துப் பெண்களுக்கு அந்த வேன்தான் எல்லாம். அது இல்லையென்றால் நான்கு மணிக்கே பஸ் ஏறிவிட வேண்டும். ஆட்டமும் அதோடு முடிந்தது. அடுத்த வருடமும் அரையிறுதிக்குப் போனால் வேன் தொடரும் என்று தாளாளர் மேடையிலேயே சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் எதை வென்றாலும் வெற்றி மலர் அச்சிடுவது வழக்கம். வாழ்த்துரை, பொன்னாடைப் படம், நன்றியுரை. பாஸ்கரன் என்னைக் கேட்டதும், இந்த மலர் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அவன் வாட்ஸாப்பில் அனுப்பிய புள்ளித் தாள்களை வைத்து, நான்கு வார இறுதிகள் உட்கார்ந்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம் எழுதினேன். உயரம், எந்த மூலையிலிருந்து எறிந்தால் விழும், எந்தக் கை பலவீனம், கடைசி நிமிடங்களில் எப்படி ஆடுவாள். இந்த ஊர்க் கல்லூரியின் இணையதளத்தைப் போலவே. அச்சான மலரை, தோற்ற கல்லூரிகளுக்கும் மரியாதைக்கு ஒரு பிரதி அனுப்பினோம். அதுவும் எங்கள் வழக்கம்தான்.

ஒரு மாதத்துக்குள் சென்னையிலிருந்து தொலைபேசிகள் வந்தன. பி.காம். முடித்து எங்கள் கல்லூரியிலேயே எம்.காம். சேரவிருந்த மூன்று பேருக்கு அழைப்பு. விடுதி, உணவு, கூரை போட்ட ஆடுகளம். அந்த மூவரில் ஒருத்தி கௌசல்யா. ஐயம்பேட்டைப் பெண், அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அணியே அவளைச் சுற்றித்தான் ஆடியது.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?" என்றான் பாஸ்கரன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. "அந்தக் கோச்சு உன் மலரைக் கையில வெச்சிக்கினு பேசறான்டா. நாலாம் பக்கம், எட்டாம் பக்கம்னு பக்கம் சொல்றான். ஓட்டல்ல மெனு பாத்து ஆர்டர் குடுக்கற மாதிரி."

"கௌசல்யா கிட்ட நீ பேசு, அமெரிக்கா சார் சொன்னா கேப்பா" என்று தொலைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டான்.

"சார், நல்லா இருக்கீங்களா? நீங்க எழுதுனத அப்பா ஆட்டோவுல வெச்சிருக்காரு சார். ஏர்றவங்களுக்கெல்லாம் எம் பக்கத்தக் காட்டினே வராரு. ஒர்த்தரு எறங்கற எடத்தையே தாண்டிப் போய்ட்டாராம்." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "பி.டி. சார் இருந்துடுன்றாரு. அப்பா போயிடுன்றாரு. அங்க மழ பெஞ்சாலும் ஆடலாமாம் சார். நீங்க சொல்லுங்க, போவட்டுமா?"

இருந்துவிடு என்று சொல்ல வாய் திறந்தேன். நான் அதே தளத்திலிருந்து, ஓர் ஆடி மாதத்தில், அணியிடம் சொல்லிக்கொள்ளாமல் மேற்படிப்புக்கு விமானம் ஏறியவன். போ என்று சொன்னால் வேன் நிற்கும். "எங்கே இருந்தாலும் நன்றாக ஆடும்மா" என்றேன்.

"அது போன்னு சொன்ன மாதிரிதான்டா" என்றான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பாஸ்கரன், தொலைபேசியை வாங்கிக்கொண்டு. "ரெண்டு பக்கமும் தலையாட்டற வேலைய அங்க போய்க் கத்துக்கினியா?"

மூவரும் போனார்கள். பாஸ்கரன் முதலாமாண்டுப் பெண்களை வைத்துக்கொண்டு மறுபடி பந்து தட்டக் கற்றுக்கொடுத்தான். புள்ளித் தாள்கள் வாரந்தோறும் வந்தன. நான் எண்களைக் கூட்டிவிட்டு யாருக்கும் அனுப்பாமல் மூடி வைத்தேன். எப்படியோ தட்டுத்தடுமாறிக் காலிறுதிக்கு வந்துவிட்டார்கள். எதிரணி கௌசல்யாவின் கல்லூரி, ஆட்டமும் அவர்கள் வளாகத்திலேயே.

ஆட்டம் அங்கே சனிக்கிழமை மாலை நான்கரை. இங்கே காலை ஆறு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாற்று ஆட்டக்காரி ஒருத்தி பெஞ்சிலிருந்து வீடியோ அழைப்பில் காட்டினாள். நான் சமையலறை மேசையில் குறிப்பேட்டை விரித்து இரண்டு பத்திகள் கோடு போட்டேன். எங்கள் பெண்கள் பயமில்லாமல் ஆடினார்கள். இடைவேளையில் இரண்டு புள்ளி முன்னே. அதன் பிறகு கௌசல்யா இடது மூலைக்குப் போனாள். அங்கிருந்து எறிந்தால் விழும் என்று எழுதியவன் நான். விழுந்தது. மறுபடி விழுந்தது. ஒவ்வொன்றையும் எதிரணிப் பத்தியில் எழுதினேன். என்னையறியாமல் இரண்டாவதற்கு "சபாஷ்" என்று சொல்லிவிட்டேன். கைபேசி பிடித்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நான்கு புள்ளியில் தோற்றோம்.

அழைப்பைத் துண்டிக்க அவளும் மறந்தாள், எனக்கும் மனம் வரவில்லை. படம் ஆடி ஆடி வேனுக்குள் போனது. கல்லூரி வேன். திங்கள் முதல் அது மாலையில் வராது. எல்லோருக்கும் தெரியும். கதவருகே ஏதோ சலசலப்பு. கௌசல்யா எதிரணிச் சட்டையோடு உள்ளே ஏறி வந்து, ஜன்னலோர இருக்கையில் இருந்த சின்னப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். "நல்லா ஆடுனடி" என்றாள். அந்தப் பெண் அழுதாள். இவளும் அழுதாள். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டுநர் கூடைப்பந்து தெரியாதவர். யார் எந்தக் கல்லூரி என்ற விவரமும் அவரிடம் இல்லை. வண்டியைக் கிளப்பிவிட்டு, கண்ணாடியில் பார்த்து, அவள் இங்கே படித்தபோது கேட்டதுபோலவே கேட்டார்: "ஏம்மா, நீ ஐயம்பேட்டதான எறங்கணும்?"

பாஸ்கரன் முன் இருக்கையிலிருந்து திரும்பவில்லை. கௌசல்யா சட்டையில் இருந்த புதுக் கல்லூரியின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே தன் விடுதிப் பக்கம் பார்த்தாள்.

அந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதினேன், நேரத்தோடு: அங்கே மாலை ஆறு பத்து, இங்கே காலை ஏழு நாற்பது. பதிலுக்கு ஒரு வரி காலியாக விட்டேன்.